ஒற்றைக் கண்ணுடன் ஓடிய கார்

கடந்த தவணை விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்த சம்பவம் இது. இரவு ஒன்பது மணி இருக்கும். எஹலியகொடையில் பின்னேரம் தொடங்கிய மழை விட்டபாடில்லை. உம்மும்மாவுக்குத் திடீரென்று மூச்செடுக்க முடியாமல் போனது. வாப்பா காரை எடுத்தார். பின் ஆசனத்தில் உம்மும்மாவின் தலையை உம்மா மடியில் வைத்திருந்தார். நான் முன்னால் வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பரகடுவையையும் குருவிட்டையையும் தாண்டி இரத்தினபுரி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பரகடுவைக்குக் கிட்ட ஒரு வளைவில், எதிரே வந்த பஸ் ஒன்று வீதியின் நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கமாகவே வந்தது. வாப்பா காரை இடது பக்கம் ஒடித்தார். சில்லு வீதி ஓரத்துக் கானின் விளிம்பில் உரசி நின்றது. பஸ் பலமாக ஹோன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வாப்பாவின் கைகள் நடுங்கியதை நான் கண்டேன்.

பிழை அந்தச் சாரதியுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். வைத்தியசாலை வாசலில் இறங்கி காரின் முன்பக்கத்தைப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. எங்கள் காரின் வலது ஹெட்லைட் எரியவில்லை, இடது மட்டும்தான் எரிந்தது. நம் நாட்டில் வாகனங்கள் வீதியின் இடது பக்கத்தால் ஓடுகின்றன. அதனால் வலது விளக்குத்தான் வீதியின் நடுப்பக்கம் இருக்கும். அது அணைந்து இடது மட்டும் எரிந்தால், எதிரே வருபவரின் கண்ணுக்கு அது வீதி ஓரமாக வரும் ஒரு மோட்டார் சைக்கிள். "ஒரு மோட்டார் சைக்கிள்தானே, இடம் தாராளமாக இருக்கிறது" என்று அந்தச் சாரதி நடுவுக்கு வந்திருக்கிறார். இருட்டில் கிடந்த எங்கள் காரின் மற்றப் பாதி அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

உம்மும்மா இரண்டு நாளில் சுகமாகி வீட்டுக்கு வந்தார். கார் மட்டும் அப்படியே இருந்தது. அதைத் திருத்தப் போய் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோழிகளே, இதற்கு வேண்டிய அறிவு சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை ஒரு நாளாவது வீட்டு வாசலுக்கு எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

மூன்று மாதக் கதை

வாப்பா ஹயர் ஓடுபவர். அந்த விளக்கு எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மூணு மாசமா மங்கலாத்தான் எரிஞ்சது மகள். பல்ப் ரெண்டு மாத்திப்போட்டேன். ஒரு கிழமை நல்லா எரியும், பொறகு திரும்பவும் மங்கும். இப்ப ஒரேயடியா நின்டு போச்சு" என்றார்.

கராஜில் காட்டினீர்களா என்று கேட்டதற்கு, "காட்டினேன். டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு கரண்ட் 12 வருது எண்டாங்க. வயரிங் முழுசா மாத்தணுமாம்" என்றார். அவ்வளவு காசு அப்போது அவரிடம் இருக்கவில்லை.

பல்ப் புதியது. மின்சாரம் 12 வோல்ற் வருகிறது. ஆனாலும் விளக்கு எரியவில்லை. எனக்கு இது ஒரு பரீட்சைக் கேள்வி போலத் தோன்றியது.

மின்சாரம் போகும் பாதை

ஹெட்லைட் ஒன்று எரிய வேண்டுமானால் மின்னோட்டம் ஒரு முழு வட்டத்தைச் சுற்றி வர வேண்டும். பெற்றறியின் நேர் முடிவிடத்திலிருந்து புறப்பட்டு பியூஸ், ரிலே, சுவிச் ஆகியவற்றைக் கடந்து பல்பின் இழைக்குள் போகிறது. அங்கிருந்து அது பெற்றறியின் மறை முடிவிடத்துக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் வழிக்குத் தனி வயர் முழுத் தூரமும் ஓடுவதில்லை. காரின் இரும்பு உடம்பே அந்த வேலையைச் செய்கிறது. விளக்கிலிருந்து ஒரு கட்டை வயர் வந்து உடம்பில் ஓர் ஆணியால் இறுக்கப்பட்டிருக்கும். அதைத்தான் 'ஏர்த்' என்கிறார்கள்.

பல கார்களில் இருப்பது எச்-4 வகைப் பல்ப். 1971ஆம் ஆண்டு அறிமுகமான இதில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று தூரத்துக்கு அடிக்கும் 60 வாற்று 'ஹெட்', மற்றது கிட்ட அடிக்கும் 55 வாற்று 'டிம்'. பின்னால் மூன்று தகடுகள் இருக்கும். இரண்டு தகடுகள் இரண்டு இழைகளுக்கும் தனித்தனியாகவும், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவாகவும் அமைந்திருக்கும். எங்கள் காரில் அந்தப் பொதுத் தகடுதான் ஏர்த்துக்குப் போகிறது. ஜப்பான் வாகனங்கள் பலவற்றில் இது மறுபக்கமாக இருக்கும்: பொதுத் தகட்டுக்கு நேர் மின்சாரம் வரும், சுவிச் ஏர்த் பக்கத்தில் இருக்கும். ஆகவே எந்தக் காரானாலும் எது எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

எந்த ஒழுங்கில் தேடுவது?

வைத்தியர் மருந்து எழுதுவதற்கு முன்பு கேள்வி கேட்பார். நாமும் முதலில் கேட்க வேண்டியது, 'எது எரியவில்லை, எது எரிகிறது?' என்பதே.

இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். சுவிச், ரிலே, பொதுப் பியூஸ் என்று தேடலாம். ரிலேயைச் சோதிக்க ஓர் இலகுவான வழி உண்டு. அதே இலக்கமுள்ள இன்னொரு ரிலே, உதாரணமாக ஹோனுக்குரியது, அதே பெட்டியில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். இரண்டு பல்புகளும் போயிருக்கவும் கூடும். ஒன்று முன்பே போயிருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். இரண்டாவது போகும்போதுதான் விழித்துக்கொள்வோம்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்துக்கே உரிய நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: பல்ப், பியூஸ், பல்ப் பொருந்தும் சொக்கற், ஏர்த்.

முதலில் பல்ப். காசு செலவில்லாத சோதனை, இடது பல்பை வலதுக்கும் வலது பல்பை இடதுக்கும் மாற்றிப் போடுவது. பிழை பல்போடு சேர்ந்து இடம் மாறினால் பல்ப்தான் குற்றவாளி. பிழை அதே பக்கத்தில் நின்றால் பல்பில் குற்றமில்லை. எங்கள் காரில் பிழை வலது பக்கத்திலேயே நின்றது.

பல்பைப் பிடிக்கும்போது ஒரு கவனம் தேவை. ஹலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது. எரியும்போது அந்தக் கண்ணாடி மிகக் கடுமையாகச் சூடாகும். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறிக் கண்ணாடி பழுதாகும். சுத்தமான துணியால் அல்லது அடிப்பகுதி உலோகத்தால் பிடிக்க வேண்டும். தவறித் தொட்டுவிட்டால் மதுசாரம் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

அடுத்தது பியூஸ். பெட்டியின் மூடியில் எந்தப் பியூஸ் எதற்கு என்ற படம் இருக்கும். பல வாகனங்களில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிப் பியூஸ் உண்டு. சிவப்பு நிறம் 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. உள்ளே உள்ள கம்பி அறுந்திருந்தால் அதே அளவுப் பியூஸைப் போட வேண்டும். அதுவும் உடனே எரிந்தால் எங்கோ ஒரு வயர் உடம்பில் முட்டுகிறது என்று அர்த்தம். பெரிய பியூஸ் போடுவதும், சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுவதும் நெருப்பை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம். எங்கள் பியூஸ் நன்றாகவே இருந்தது.

மூன்றாவது சொக்கற். அதன் பிளாஸ்ரிக் பழுப்பேறி, ஓரம் இலேசாக உருகியிருந்தால் உள்ளே தொடுகை சரியில்லை. எங்களுடையதில் அப்படி ஒன்றும் இல்லை.

மிஞ்சியது ஏர்த். ஆனால் கராஜில் சொன்ன 12 வோல்ற் எனக்குக் குறுக்கே நின்றது. நானும் பக்கத்து வீட்டு நானாவிடம் மல்ற்றிமீற்றர் இரவல் வாங்கி, பல்பைக் கழற்றிவிட்டுச் சொக்கற்றின் இரண்டு தகடுகளுக்கிடையே அளந்தேன். சரியாக 12 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. பாதை நன்றாக இருக்கிறது என்றுதானே இதற்கு அர்த்தம்?

12 வோல்ற் சொன்ன பொய்

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டினேன். ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி அதில் இருந்தது. ஒரு தடையின் இரு முனைகளுக்கிடையே உள்ள அழுத்த வித்தியாசம், அதனூடாகப் பாயும் மின்னோட்டத்தைத் தடையால் பெருக்க வருவது. V = IR. பரீட்சைக்காக நூறு தடவை எழுதிய வரி.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. பல்பைக் கழற்றிவிட்டு அளந்தேனே, அப்போது மின்னோட்டம் எங்கே பாய்ந்தது? மல்ற்றிமீற்றரின் உட்தடை மிக மிகப் பெரியது. அதனூடாகப் பாயும் ஓட்டம் இல்லை என்றே சொல்லலாம். ஓட்டம் பூச்சியம் என்றால், கெட்டுப்போன இணைப்பின் தடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கே இழக்கப்படும் வோல்ற்றும் பூச்சியம்தான். அதனால்தான் மானி முழு 12ஐயும் காட்டியது.

ஓர் உவமை சொன்னால் இன்னும் இலகுவாக விளங்கும். தண்ணீர்க் குழாய்க்குள் பெரும்பகுதி அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பைப்பைப் பூட்டி வைத்திருக்கும்போது முனையில் அழுத்தம் முழுமையாகவே இருக்கும். பைப்பைத் திறந்து வாளியை வைத்தால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும். வேலை கொடுத்துப் பார்க்காமல் பாதையின் குணம் தெரியாது.

ஆகவே மறுநாள் காலை பல்பைத் திரும்பப் பொருத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டே அளந்தேன். மானியின் கறுப்பு முனையைப் பெற்றறியின் மறை முடிவிடத்திலும், சிவப்பு முனையைச் சொக்கற்றின் பின்பக்கத்தால் ஏர்த் தகட்டிலும் வைத்தேன். ஏர்த் நன்றாக இருந்தால் இங்கே பூச்சியத்துக்குக் கிட்டக் காட்ட வேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும். எங்கள் மானி காட்டியது ஏறக்குறைய 8 வோல்ற்.

இன்னொரு தடயமும் அப்போது கண்ணில் பட்டது. டிம் போட்டிருந்தேன். ஆனால் டாஷ்போர்டில், ஹெட் போடும்போது மட்டும் எரிய வேண்டிய நீல விளக்கு மங்கலாக எரிந்தது. வலது பல்பின் உள்ளேயும் இழை மின்மினி போலச் செந்நிறத்தில் தெரிந்தது. ஏர்த் வழி அடைபட்டதும் மின்சாரம் சும்மா நிற்கவில்லை. டிம் இழையால் வந்து, பொதுத் தகட்டிலிருந்து ஹெட் இழைக்குள் பின்பக்கமாகப் போய், ஹெட் வயர் வழியாக இடது விளக்குக்கும் நீல விளக்குக்கும் போய் அங்கே ஏர்த்தைத் தேடிக்கொண்டது. விளக்குகளில் இப்படிச் சம்பந்தமில்லாத ஒன்று மங்கலாக எரிந்தால், முதலில் ஏர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆணிக்கு அடியில்

பெற்றறியின் மறை முனையைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கின் பின்னால் போகும் ஏர்த் வயரைத் தொட்டுத் தொட்டுப் போனேன். அது பம்பருக்கு மேலே உடம்பில் ஓர் ஆணியால் பிடிக்கப்பட்டிருந்தது. வாப்பா ஸ்பனரால் கழற்றினார். வயரின் முனை வளையம் பச்சை பூத்துப்போய் இருந்தது. அதற்கு அடியில் இரும்பே தெரியவில்லை. நல்ல பளபளப்பான பெயின்ற் தெரிந்தது.

வாப்பா தலையில் கை வைத்தார். "போன வருசம் முன்னுக்கு நசுங்கி பெயின்ற் அடிச்சமே!" என்றார்.

பெயின்ற் மின்சாரத்தைக் கடத்தாது. வயரைப் பெயின்ற்றுக்கு மேலேயே வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஆணியின் புரிகள் பட்ட கொஞ்ச இடத்தால் மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர் ஈர வலயத்தில் இருக்கிறது. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்ரெம்பர் வரை பெய்யும். அந்த ஈரத்தில் புரிகளும் துருப்பிடித்தன. பல்ப் மாற்றும்போது கை பட்டு வயர் கொஞ்சம் அசைந்ததால் தொடுகை தற்காலிகமாகச் சரியாகி ஒரு கிழமை எரிந்திருக்க வேண்டும். வாப்பா மாற்றிய இரண்டு பல்புகளும் நல்லவையே.

மங்கலாக எரிந்த அந்த மூன்று மாதத்துக்கும் கணக்கு இருக்கிறது. 12 வோல்ற், 55 வாற்றுப் பல்பின் எரியும் நேரத்துத் தடை 144ஐ 55ஆல் பிரிக்க வருவது, அதாவது ஏறக்குறைய 2.6 ஓம். கெட்ட இணைப்பின் தடை வெறும் அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3.1 ஓம். ஓட்டம் 3.9 அம்பியர். இணைப்பிலேயே 1.9 வோல்ற் போய்விடும். பல்புக்குக் கிடைப்பது 10.1 வோல்ற். வோல்ற் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கு ஒளியும் ஆறில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்கக்கூடாது. இழையின் ஒளி வோல்ற்றைவிட மிக வேகமாகக் குறையும். ஏறக்குறைய பாதி வெளிச்சம் போய்விடும். அந்த இணைப்பில் 7 வாற்றுக்கு மேல் வெப்பமும் உண்டாகும். சில கார்களில் சொக்கற் உருகுவதற்கும் இதுவே காரணம்.

மண் கடதாசியால் பெயின்ற்றையும் துருவையும் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தோம். வளையத்தையும் ஆணியையும் சுத்தமாக்கினோம். நன்றாக இறுக்கிவிட்டு, ஈரம் புகாதிருக்க மேலே கிறீஸ் பூசினோம். பெற்றறியைக் கொழுவி விளக்கைப் போட்டதும் வாசல் மதிலில் இரண்டு வட்டங்கள் விழுந்தன. ஏர்த்தில் திரும்ப அளந்தேன். மானி பூச்சியத்துக்குக் கிட்ட நின்றது. புதிதாக வாங்கியது ஒன்றுமில்லை.

செய்யக்கூடாதவை

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாற்றுப் பல்ப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது 8 அம்பியருக்கு மேல் இழுக்கும். 55 வாற்றுக்காக அமைத்த வயரும் சொக்கற்றும் அந்தச் சூட்டைத் தாங்கா. ஹலஜன் பல்புக்காகச் செய்த விளக்கில் எல்ஈடி பல்பைச் சொருகினால், ஒளி புறப்படும் இடம் மாறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கக்கூடும். தங்கள் வீதி வெளிச்சமாகத் தெரிகிறது என்பதற்காக மற்றவரைக் குருடாக்கக்கூடாது. செனன் வகை விளக்குகளைத் தொடவே வேண்டாம். அவை பற்றிக்கொள்ள ஆயிரக்கணக்கான வோல்ற் உண்டாகும். அதைத் தெரிந்தவரிடமே விட வேண்டும்.

விளக்கின் வெளிப்புறப் பிளாஸ்ரிக்கையும் பார்க்க வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது மஞ்சளாகிப் புகை படிந்தது போலாகும். உள்ளே பல்ப் நன்றாக எரிந்தாலும் வெளிச்சம் வீதிக்கு வராது. எங்கள் இடது விளக்கு அப்படித்தான் இருந்தது. அதைப் பிறகு மினுக்கி எடுத்தோம்.

வாப்பா சொல்லாதது

அன்று மஃரிபுக்குப் பிறகு வாப்பாவும் நானும் அதே வீதியில் கொஞ்சத் தூரம் போய் வந்தோம். றப்பர் தோட்ட ஓரத்தில் குடையுடன் நடந்து போன ஒரு பெண்ணை வாப்பா தூரத்திலேயே கண்டு வேகத்தைக் குறைத்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார்.

"மகள், நான் என் கண்ணுதான் போகுதெண்டு நெனச்சேன்" என்றார்.

அந்த மூன்று மாதமும் இரவு ஹயர்களை அவர் ஒவ்வொன்றாகக் குறைத்திருக்கிறார். உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கண் போனால் தொழில் போகும், தொழில் போனால் எங்கள் இருவரின் படிப்பு என்னாகும் என்று மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெளிச்சம் மங்கிய காரை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெளிச்சம் ஒரே நாளில் போயிருந்தால் கண்டுபிடித்திருப்பார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் பிழை தன்னில்தான் என்று நினைத்துவிட்டார்.

அதற்காகக் கண்ணை விட்டுவிடவும் இல்லை. அடுத்த கிழமை அவரைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். ஒரு கண்ணாடி தேவைப்பட்டது, அவ்வளவுதான். விளக்கிலும் பிழை இருந்தது, கண்ணிலும் கொஞ்சம் இருந்தது. இரண்டையும் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் கார், வேன், முச்சக்கரவண்டி எது இருந்தாலும் மாதத்தில் ஒரு நாள் இருட்டிய பிறகு அதை ஒரு மதிலுக்கு முன்னால் நிறுத்துங்கள். ஒருவர் உள்ளே இருந்து டிம், ஹெட், சிக்னல், பிரேக் என்று ஒவ்வொன்றாகப் போடட்டும். மற்றவர் வெளியே நின்று பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. சாரதி ஆசனத்தில் இருப்பவருக்குத் தன் விளக்கு எப்படி எரிகிறது என்று தெரியாது. வெளியே நிற்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராக உங்கள் மகளை நிறுத்துங்கள், ஸ்பனரையும் அவளிடம் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலை தம்பிக்கு. நான் விடுதிக்குத் திரும்பிய பின், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாப்பா தொலைபேசியில் சொல்வார்: "ரெண்டும் எரியுது மகள்."